துளைக்கோல் வழக்கு: பழங்கருவியின் பயனை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

1. பொருள்

ரெயின்டீர் எனப்படும் பனிமானின் கொம்பில் வெட்டியெடுத்த ஒரு துண்டு. நீளம் ஒரு சாண் இருக்கலாம், ஒரு முழத்தை எட்டவும் செய்யலாம். தண்டிலிருந்து கிளை பிரிகிற இடம்தான் கொம்பில் தடிமனானது. அந்த இடம் பார்த்துத் துளை போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே துளை, கட்டைவிரல் நுழையும் அகலத்தில். சிலவற்றில் இரண்டு மூன்று துளைகளும் உண்டு. தண்டின்மேல் சில சமயம் குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் வெறும் கோடுகள். பலவற்றில் ஒன்றுமே இல்லை. துளையின் குறுக்கே முறிந்து கிடைத்தவை ஏராளம்.

பிரான்சு, ஸ்பெயின், ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளின் குகைகளிலும் பாறை ஒதுக்கிடங்களிலும் இத்தகைய கோல்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பெரும்பகுதி மக்தலீனியம் என்று அறியப்படும் காலத்தவை, அதாவது இன்றைக்குச் சுமார் 20,000 முதல் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மிகப் பழையவற்றின் வயது 35,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தவர்கள். இது எதற்குப் பயன்பட்டது என்ற கேள்வி 1860களில் எழுந்தது. அன்றிலிருந்து வந்த விடைகளைத் தொகுத்தால் முன்னூகங்களின் கண்காட்சி ஒன்றையே அமைத்துவிடலாம்.

அந்த விடைகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் முதல் நோக்கமன்று. எந்த வகைச் சான்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதே கேள்வி. வடிவம், கிடைத்த சூழல், இன்றைய மக்களிடமுள்ள ஒத்த கருவி, தேய்வுத் தடம், பரிசோதனை ஆகிய ஐந்தும் இந்த வழக்கில் சாட்சி சொல்லியிருக்கின்றன. ஐந்தில் வடிவத்தின் சாட்சியம்தான் ஆக நலிந்தது, ஆனால் அதிக காலம் நம்பப்பட்டதும் அதுவே என்பது என் வாதம். அதோடு, ‘துளைக்கோல்’ என்று ஒரே பெட்டியில் போடப்பட்டவை எல்லாம் ஒரே கருவிதானா என்ற ஐயத்தையும் கடைசியில் எழுப்ப வேண்டியிருக்கிறது.

2. அதிகாரத்தின் கோல்

எதுவார் லார்த்தே என்ற பிரெஞ்சுத் தொல்லுயிரியலாளரும், அவருக்குப் பொருளுதவி செய்த ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கில வணிகரும் 1863 முதல் தென்மேற்குப் பிரான்சின் வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தார்கள். மக்தலீனியக் காலத்துக்குப் பெயர் தந்த லா மதலேன் பாறை ஒதுக்கிடம் அங்கேதான் இருக்கிறது. துளையிட்ட கொம்புக் கோல்கள் அங்கும் அக்கம்பக்கத்திலும் கிடைத்தன. கிறிஸ்டி 1865இல் இறந்துவிட்டார். இருவர் பெயரிலும் 1865 முதல் 1875 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெருநூல் இந்தப் பொருள்களின் படங்களை உலகறியச் செய்தது. லார்த்தே அவற்றைத் தலைமையின் அடையாளக் கோல் என்று கருதினார். அந்தக் கருத்தைத் தாங்கிய ‘அதிகாரக் கோல்’ என்ற பெயரே நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. பல அருங்காட்சியகங்களின் பேழைச் சீட்டுகளில் அண்மைக்காலம் வரை இருந்தது.

மூன்றாம் நெப்போலியனின் பேரரசுக் காலம் அது. பிரான்சின் படைத்தலைவர்கள் கையில் அலங்காரக் கோல் ஏந்தி நின்ற ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களில் தொங்கின. கையளவுக் கோலில் வேலைப்பாடு இருந்தால் அது அதிகாரச் சின்னம் என்று தோன்றுவதற்கு அந்தச் சூழலே போதும் என்று நினைக்கிறேன். லார்த்தேயைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை; அவர் மிகக் கவனமான ஆய்வாளர். ஆனால் வடிவத்தையும் அலங்காரத்தையும் மட்டும் வைத்து ஊகிக்கும்போது, ஊகிப்பவரின் சுற்றுப்புறம் அவரை அறியாமல் சான்றுக்குள் நுழைந்துவிடுகிறது.

இந்த விளக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான சான்று பிற்பாடுதான் கிடைத்தது. இத்தாலியின் லிகூரியக் கடற்கரையிலுள்ள அரேனே கான்டிதே குகையில் 1942இல் ஓர் இளைஞனின் புதைகுழியை அகழ்ந்தார்கள். பதினைந்து வயதளவில் இறந்தவன். தலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான துளையிட்ட சிப்பிகள். வலக்கையில் ஒரு சாண் நீளமுள்ள தீக்கல் கத்தி. உடலோடு எல்க் மான் கொம்பில் செய்த நான்கு துளைக்கோல்கள். இவ்வளவு சிறப்போடு புதைக்கப்பட்டவனை அகழ்வாளர்கள் ‘இளவரசன்’ என்றே அழைத்தார்கள். இளவரசனிடம் இருந்தது செங்கோல்தானே என்ற எண்ணம் எளிதில் வரும்.

வருகிறது என்பதற்காக ஏற்றுவிட முடியாது. சவக்குழியில் வைத்த பொருள் மதிப்புக்குரியது என்பதை மட்டுமே குழி சொல்லும். வாழ்நாளில் அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ வெளிக்கொணர்ந்த ஈமப் பொருள்களில் தங்கப் பட்டங்களும் இருந்தன, இரும்பு மண்வெட்டிகளும் இருந்தன. தங்கப் பட்டத்தோடு கிடைத்ததால் மண்வெட்டி சடங்குக் கருவியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மண்வெட்டியை நமக்குத் தெரியும், அதனால் சொல்வதில்லை, அவ்வளவுதான். தெரியாத பொருளுக்கு மட்டும் சடங்கு, அதிகாரம், மந்திரம் என்று காரணம் தேடும் வழக்கம் தொல்லியலில் வேரோடியிருக்கிறது.

அலங்காரம் பற்றிய வாதமும் இப்படியே. குதிரை செதுக்கிய கோலை வேலைக்கா பயன்படுத்துவார்கள் என்று கேட்டவர்கள் நம் வீட்டுப் பாக்குவெட்டியைப் பார்த்ததில்லை. கிளியாகவும் மயிலாகவும் குதிரையாகவும் பித்தளையில் வார்த்த பாக்குவெட்டிகள் எத்தனை! வெற்றிலை பாக்கே அறியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்தால் வழிபாட்டுப் பொருள் என்றுதான் முதலில் நினைப்பார். அவர் கிளியின் மூக்கையும் இறகையும் ஆராய்ந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் விளங்காது. இரண்டு கைகளும் சேரும் ஆணியைச் சுற்றி ஓட்டை தளர்ந்திருப்பதையும், வெட்டும் அலகு நடுவில் மட்டும் உள்வாங்கித் தேய்ந்திருப்பதையும், அலகு வந்து பதியும் கீழ்க்கட்டையில் பள்ளம் விழுந்திருப்பதையும் பார்த்தால், உருண்டையான கடினப் பொருள் எதையோ நடுவில் வைத்து நெரித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கிளி செய்தவனின் விருப்பம். பள்ளம் பயன்படுத்தியவளின் வேலை. ஒரே பொருளில் இரண்டும் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை.

3. எஸ்கிமோவிடம் கேட்டார்கள், கயிறு திரிப்பவரிடம் கேட்கவில்லை

வடிவத்துக்கு அடுத்தபடியாக வந்தது ஒப்பீடு. வில்லியம் பாய்ட் டாகின்ஸ் முதலிய ஆங்கில ஆய்வாளர்கள், ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் (அன்றைய வழக்கில் எஸ்கிமோக்கள்) அம்பு நிமிர்த்தப் பயன்படுத்திய துளையுள்ள கருவிகளைச் சுட்டினார்கள். வளைந்த அம்புத் தண்டைத் துளைக்குள் செருகி நெம்பினால் வளைவு நிமிரும். கொம்பு, பனிமான், குளிர்நிலம், வேட்டை என எல்லாம் பொருந்தின. அதிகாரக் கோல் விளக்கத்தைவிட இது ஒரு படி மேல். காரணம், இது பொய்யென்று காட்டப்படக் கூடிய விளக்கம். நெம்புவதற்குப் பயன்பட்டது என்றால் துளையின் விளிம்பில் எங்கே தேய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும்; தேயவில்லை என்றால் விளக்கம் விழும்.

மற்ற ஒப்பீடுகள் இவ்வளவு ஒழுங்காக இல்லை. ஓட்டோ ஷோட்டன்சாக், ஹைடல்பெர்க் மனிதனுக்குப் பெயரிட்ட அதே ஜெர்மானியர், இவை தோலாடையை மாட்டும் ஊசிகள் என்றார். குதிரைக் கடிவாளத்தின் உறுப்பு என்றார்கள். கூடார முளை என்றார்கள். மந்திரக் கோல், பறையடிக்கும் குச்சி, ஈட்டி எறிய உதவும் வார்பிடி என்றெல்லாம் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒத்த பொருள் ஒன்று கிடைத்தது. தேடினால் கிடைக்காமல் போகாது என்பதுதான் இந்த முறையின் நோய்.

யாரிடம் தேடினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜான் லப்பக் 1865இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் துணைத்தலைப்பே, பழங்காலத்தைத் தற்கால ‘காட்டுமிராண்டி’களின் பழக்கவழக்கங்களைக் கொண்டு விளக்குவதாக அறிவித்தது. மனித இனம் ஒரே ஏணியில் ஏறி வருகிறது, கீழ்ப்படியில் நிற்பவர்கள் நம் மூதாதையரின் உயிருள்ள பிரதி என்பது அன்றைய கொள்கை. ஆகவே குகை மனிதனின் கருவியைப் புரிந்துகொள்ள ஆர்க்டிக்வரை போனார்கள். பிரெஞ்சுத் துறைமுகங்களில் கப்பல் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த தொழிலாளியின் கையைப் பார்க்க யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அவரும் ஒரு துண்டு மரத்தில் பள்ளங்கள் வெட்டி, புரிகள் ஒன்றோடொன்று சிக்காமல் அதன் வழியே விட்டுத்தான் கயிறு முறுக்கினார். அவர் நாகரிக மனிதர். ஒப்பீட்டுக்கு உதவமாட்டார் போலும்.

4. தோல் தொழிலாளி அறிந்த எலும்பு

தற்காலக் கைத்தொழிலிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு வேறொரு கருவியின் கதையில் உண்டு. தென்மேற்குப் பிரான்சின் பெஷ் த லாசே, ஆப்ரி பெய்ரோனி என்ற இரு நியாண்டர்தால் இடங்களில் சில செ.மீ. அளவேயான எலும்புத் துணுக்குகள் கிடைத்தன. விலா எலும்பின் நுனிகள். முனை உருண்டு மழுங்கி மெருகேறியிருந்தது. பார்ப்பவர் உணவுக் கழிவென்று ஒதுக்கிவிடக் கூடியவை. மாரி சோரெஸ்ஸி, ஷானன் மெக்ஃபெரன் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றைத் தோலை மெருகேற்றும் கருவிகள் என்று அடையாளம் காட்டினார்கள். பதப்படுத்திய தோலின்மேல் வளையக் கூடிய விலா எலும்பை அழுத்தித் தேய்த்தால் தோல் மிருதுவாகும், மின்னும், நீர் உள்ளிறங்குவது குறையும். இன்றைய தோல் தொழிலாளிகள் இதே வடிவக் கருவியை இதே வேலைக்குக் கையாள்கிறார்கள். துணுக்குகளின் வயதோ சுமார் 50,000 ஆண்டுகள்.

ஒப்பீட்டோடு அவர்கள் நிறுத்தவில்லை. எலும்பின் மெருகு மென்மையான பொருளோடு உராய்ந்ததால் வரக்கூடியதுதான் என்று நுண்ணோக்கியில் சரிபார்த்தார்கள். நவோமி மார்டிசியஸ் குழுவினர் 2020இல் இன்னொரு படி சென்றார்கள். கருவிகள் எந்த விலங்கின் எலும்பு என்று அறிய அவற்றைச் சுரண்டாமல், அவற்றை வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டிகளின் உட்சுவரில் ஒட்டியிருந்த கொலாஜன் புரதத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். விடை: காட்டெருமை அல்லது காட்டு மாட்டின் விலா. அவை கிடைத்த ஓர் அடுக்கின் உணவெலும்புகளில் பெரும்பான்மை பனிமானுடையது. மலிவாகக் கிடைத்த பனிமான் விலாவை விட்டு, அகலமும் உறுதியும் கூடிய மாட்டு விலாவையே தேர்ந்திருக்கிறார்கள். கருவிக்கான பொருளைத் தேர்ந்தெடுத்த ஒரு மனம் இங்கே தெரிகிறது. வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

துளைக்கோலுக்கு இந்த வசதி இல்லை. ஐரோப்பாவின் எந்தப் பட்டறையிலும் அதே வடிவம் இன்று வழக்கில் இல்லை. ஆகவே உராய்வைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

5. தேய்வு என்ன சொல்லும், என்ன சொல்லாது

கருவியின் பயனை அதன் தேய்விலிருந்து படிக்கும் முறைக்கு ஒழுங்கான அடித்தளம் இட்டவர் லெனின்கிராடின் செர்கேய் செமியோனோவ். அவருடைய நூல் 1957இல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. 1964இல் ஆங்கிலத்துக்கு வந்தபிறகுதான் மேற்குலகம் விழித்தது. கருவி அசைந்த திசையில் கீறல்கள் விழும். தொட்ட பொருளின் தன்மைக்கேற்ப மெருகு மாறும். இந்த இரண்டையும் நுண்ணோக்கியில் பார்த்து, அதே வேலையைப் புதிதாகச் செய்த கருவியில் செய்துபார்த்து ஒப்பிடுவதே முறை.

முறைக்கும் சோதனை நடந்தது. 1977இல் மார்க் நியூகமர் தீக்கல் கருவிகளைச் செய்து, பயன்படுத்தி, எதற்கென்று சொல்லாமல் லாரன்ஸ் கீலியிடம் கொடுத்தார். பயன்பட்ட 16 விளிம்புகளில் 14இன் இடத்தையும், 12இன் அசைவையும், 10இல் எந்தப் பொருள்மீது வேலை நடந்தது என்பதையும் கீலி சரியாகச் சொன்னார். பெருவெற்றி என்று கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த எண்களின் வரிசையே ஓர் எச்சரிக்கை. எங்கே என்பதைவிட எப்படி என்பது கடினம். எப்படி என்பதைவிட எதன்மேல் என்பது கடினம். நியூகமரும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட மற்றொரு சோதனையின் முடிவு, மெருகை மட்டும் பார்த்துப் பொருளைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை நன்றாகவே அசைத்துவிட்டது.

கொம்புக் கோல்களில் இன்னொரு தொல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டியெடுத்தவற்றைத் தேய்த்துக் கழுவினார்கள், வார்னிஷ் பூசினார்கள், அச்சுப் பிரதி எடுக்கச் சாந்தில் பதித்தார்கள். பிறகு நூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞர்களின் விரல்கள் அந்தத் துளைகளைத் தடவிக்கொண்டிருக்கின்றன. துளை விளிம்பில் மின்னும் மெருகில் பனியூழிக்காரனின் பங்கு எவ்வளவு, காப்பாட்சியரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

இருந்தாலும் இயக்கவியல் துணைக்கு வருகிறது. ஒரு தண்டைத் துளையில் செருகி நெம்பினால், அழுத்தம் துளை முழுவதும் பரவாது. ஒரு முகத்தில் மேல் விளிம்பும் எதிர்முகத்தில் கீழ் விளிம்புமாக, குறுக்கெதிராக இரண்டு இடங்களில் மட்டும் விழும். கயிறோ வாரோ துளை வழியே இழுபட்டால் நிலைமை வேறு. விளிம்பு இழுத்த திசையில் உருண்டு மழுங்கும். நார் போன போக்கில் நுண்கோடுகள் துளைக்குள் நுழையும். இரண்டு வகைத் தேய்வும் வெவ்வேறு கோல்களில் இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். துளையின் குறுக்கே முறிவு அடிக்கடி நேர்ந்திருப்பதும் பேச வேண்டிய ஒன்று: கையில் ஏந்தி நிற்கும் கோல் அங்கே முறியக் காரணமில்லை, பலம் கொடுத்து நெம்பினாலோ இழுத்தாலோதான் துளை விட்டுக்கொடுக்கும். அதிகாரக் கோல் என்ற விளக்கத்துக்கு எதிராக எனக்குத் தெரிந்த மிக எளிய சாட்சி இந்த முறிவுதான். மண்ணின் பாரத்தாலும் அங்கே முறியலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். துளையுள்ள இடம் நலிந்த இடமாயிற்றே. அதையும் முறிவின் முகம் பழையதா, வளைந்து கிழிந்ததா, உலர்ந்தபின் நொறுங்கியதா என்று பார்த்து ஓரளவு பிரித்துவிடலாம்.

6. ஹோலே ஃபெல்ஸ்

ஜெர்மனியின் தென்மேற்கில், ஷெல்க்லிங்கன் ஊருக்கு அருகே ஹோலே ஃபெல்ஸ் குகை இருக்கிறது. டியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கோனார்ட் பல்லாண்டாக அகழும் இடம். 2015இல் அங்கே மாமூத் யானைத் தந்தத்தில் செய்த ஒரு பொருள் துண்டுதுண்டாகக் கிடைத்து ஒட்டப்பட்டது. நீளம் 20.4 செ.மீ. வரிசையாக நான்கு துளைகள், ஒவ்வொன்றும் 7 முதல் 9 மி.மீ. அகலம். வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல்.

துளைகளின் உட்சுவரில்தான் விஷயம் இருக்கிறது. திருகாணியின் மரை போலச் சுருள் வரிகள், ஆழமாகவும் ஒழுங்காகவும், வேண்டுமென்றே வெட்டப்பட்டிருக்கின்றன. இவை தேய்வால் வந்தவையல்ல, செய்தவர் போட்டவை. தந்தத்தில் 8 மி.மீ. துளைக்குள் கல்லுளியால் சுருள் வெட்டுவது சின்ன வேலையல்ல. அலங்காரம் என்று சொல்ல முடியாது. துளைக்குள் இருப்பது யார் கண்ணில் படும்? அம்பு நிமிர்த்தும் கருவியில் இந்த வரிகள் உதவாது, தண்டைக் கடித்துக் காயப்படுத்தும். இதேபோன்ற பொருள் பக்கத்துக் கைசன்க்ளோஸ்டர்லே குகையில் முன்பே கிடைத்தது. இவ்வகைப் பொருள்களை அம்பு நிமிர்த்தி என்றும் கலைப்பொருள் என்றும் இசைக்கருவி என்றும்கூட எழுதிவந்தார்கள்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்லே ரோட்ஸ் குழுவினர் இதன் பிரதியைச் செய்து பல நார்களோடு சோதித்தார்கள். கோனார்டும் ரோட்ஸும் 2024இன் தொடக்கத்தில் முடிவை வெளியிட்டார்கள்: இது தடித்த கயிறு திரிக்கும் கருவி. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு கற்றை நார் போகிறது. சுருள் வரிகள் நாரைப் பிடித்து வழிநடத்துகின்றன. துளைகள் புரிகளை விலக்கி வைத்து, அவை ஒரே இழுவிசையில் வந்து சேரும்படி செய்கின்றன. சணல், ஆளி, காஞ்சொறி நார்களும் விலங்கின் தசைநாரும் சோதிக்கப்பட்டன. சம்பங்கோரைதான் நன்றாக வந்தது. நான்கைந்து பேர் சேர்ந்து 10 நிமிடத்தில் 5 மீட்டர் உறுதியான கயிறு முறுக்கிவிட்டார்கள். மூலப் பொருளின் துளைகளில் தேய்வும் தாவர எச்சங்களும் காணப்பட்டன.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் குறைவு. தேங்காய்நார்க் கயிறு முறுக்கும் இடங்களில் மூன்று பள்ளம் வெட்டிய மரக்கட்டையைப் புரிகளுக்கு நடுவே வைத்து ஒருவர் பிடித்துக்கொள்வார். முறுக்கு ஏற ஏறக் கட்டை தானாக நகரும். அது விட்டுச் சென்ற இடத்தில் புரிகள் கட்டிக்கொண்டு கயிறாகும். கட்டை இல்லாமலும் முறுக்கலாம். ஆனால் ஒரு புரி தளர்ந்து மற்றது இறுகி, பாரம் தாங்கும்போது இறுகிய புரி முதலில் அறும். நான்கு துளைத் தந்தமும் பள்ளமிட்ட கட்டையும் வடிவத்தில் சம்பந்தமே இல்லாதவை. செய்யும் காரியம் ஒன்று. வடிவத்தை நம்பாதே என்பதற்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

அக்காலத்தில் கயிறு இருந்ததா என்ற கேள்விக்கும் விடை உண்டு. லாஸ்கோ குகையில் ஆந்திரே குளோரி 1953இல் களிமண்ணில் பதிந்த கயிற்றைக் கண்டார். பிரான்சின் ஆப்ரி து மாராஸில் ஒரு கல் செதிலில் ஒட்டியிருந்த மூன்று புரி நார்த் துணுக்கு, வெறும் 6 மி.மீ. நீளம், 2020இல் அறிவிக்கப்பட்டது, அது நியாண்டர்தால்களுடையது. கயிறு மக்கிப்போகும், கல்லும் தந்தமும் நிற்கும். பழங்கற்காலத்தைக் கல்லின் காலமாகவே எண்ணி, கையிலிருந்த துளையைக் கல்லோடும் ஈட்டியோடும் மட்டும் பொருத்திப் பார்த்ததற்கு இந்த மக்குதலும் ஒரு காரணம்.

விடை உறுதியா? பரிசோதனை, ‘இதைக் கொண்டு செய்ய முடியும்’ என்று காட்டும். ‘இதைக் கொண்டு செய்தார்கள்’ என்று காட்டாது. தாவர எச்சம் மண்ணிலிருந்தும் ஏறியிருக்கலாம். ஆனால் உட்சுவர் வரிகளுக்கு வேறு எந்த விளக்கமும் இவ்வளவு பொருத்தமாகக் காரணம் சொல்லவில்லை. கருவியில் எது செலவு பிடித்த பகுதியோ அதற்குக் காரணம் சொல்லாத விளக்கத்தை ஏற்கலாகாது என்ற அளவுகோலை வைத்தால், கயிறு வாதம் மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

7. ஒரு பெயர், பல கருவிகள்

இந்த முடிவை எல்லாத் துளைக்கோல்களுக்கும் நீட்டிவிட்டால் பழைய தவற்றையே புதிதாகச் செய்தவர்களாவோம். ஹோலே ஃபெல்ஸ் பொருள் தந்தம், நான்கு சிறு துளை, உள்ளே சுருள். மக்தலீனியக் கோல் கொம்பு. பெரும்பாலும் ஒரே துளை. அகலம் இரண்டு மூன்று மடங்கு. இரண்டுக்கும் இடையே பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒற்றைத் துளையில் புரிகளைப் பிரித்து வைக்க முடியாது. அதில் கயிறு ஓடியிருந்தால் அது திரிப்பதற்காக இருக்க வாய்ப்பில்லை. இழுக்கவோ, இறுக்கவோ, பாரத்தைத் தடுத்து நிறுத்தவோ இருக்கலாம். சிலவற்றில் ஈட்டிக்கோலை நிமிர்த்தியும் இருக்கலாம். உடைந்த கோல் வேறு வேலைக்கு மாறியிருக்கும். உழைத்துச் செய்ததை வீணாக எறியமாட்டார்கள்.

ஆக, 150 ஆண்டுகளாக ‘இது எதற்கு’ என்று ஒருமையில் கேட்டதே விடை கிடைக்காததற்குப் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. வகைப்பாடு துளையை வைத்து நடந்தது. துளை என்பது ஒரு செயலின் பெயரல்ல. ஊசிக்கும் துளை உண்டு, ஏற்றத்துக்கும் துளை உண்டு. தேய்வின் இடத்தையும் துளையின் அளவையும் முறிவின் தன்மையையும் வைத்து அந்தக் கூட்டத்தைப் பிரித்துவிட்டுத் தனித்தனியாகக் கேட்டால், சில கேள்விகளுக்கு விடை வரும், சிலவற்றுக்கு வராது.

8. கீழடி எலும்புமுனைகள்

இந்தச் சிக்கல் ஐரோப்பியக் குகைகளுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் கூரிய எலும்புமுனைக் கருவிகள் இடம்பெறுகின்றன. நெசவில் கோலம் உருவாக்கப் பயன்பட்டவை என்று அறிக்கை கூறுகிறது. தக்களிகள், நூல் தொங்கவிடும் கற்கள், செம்பு ஊசி முதலியவை அங்கேயே கிடைத்ததால் நெசவுத் தொழில் நடந்தது என்பது அதன் வாதம். இது சூழல் சார்ந்த வாதம்; வடிவத்தை மட்டும் நம்பியதைவிட நல்லது. ஆனால் கங்கைச் சமவெளியின் தொடக்க வரலாற்றுக் கால இடங்களில் கிடைக்கும் கூரிய எலும்புமுனைகளை அம்புமுனை என்றும் எழுத்தாணி என்றும் பதிவுசெய்திருக்கிறார்கள். வைகைக் கரையில் நெசவுக் கருவி, கங்கைக் கரையில் அம்பு. இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று தவறாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் இரண்டும் கலந்தே இருக்கலாம். தொழிலோடு தொடர்பில்லாத பொருளும் தக்களியின் பக்கத்தில் விழுந்து கிடக்கும் என்பதால் சூழல் இதைத் தனியாகத் தீர்க்காது.

தேய்வு தீர்க்கக் கூடும். பாவு நூலுக்குள் அடிக்கடி நுழைந்து வந்த முனையில், நுனிக்குச் சற்றுக் கீழே, அச்சுக்குக் குறுக்காக நூல் அறுத்த மெல்லிய பள்ளங்கள் இருக்க வேண்டும். கை பிடித்த அடிப்பகுதி பரவலாக மெருகேறியிருக்க வேண்டும். அம்பாக எய்ததென்றால் நுனி மோதிச் சிதைந்திருக்கும், அடியில் தண்டோடு பிணைத்த உராய்வு ஒரு வரம்போடு நின்றிருக்கும். எழுத்தாணியாக இருந்தால் நுனியின் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். மூன்றும் ஒன்றையொன்று விலக்குகிற எதிர்பார்ப்புகள். எலும்பில் கோரையும் பருத்தியும் விடும் தடம் எப்படியிருக்கும் என்று அறிய, புது எலும்பில் முனை செய்து, இன்றும் தறியில் உட்காருகிற ஒரு நெசவாளரிடம் கொடுத்து நாள்கணக்கில் பயன்படுத்தச் சொன்னால் ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரி கிடைத்துவிடும். அதற்குப் பெரிய பொருட்செலவும் ஆகாது.

அதற்கு முன்னால் குழியருகிலேயே ஒரு காரியம் நடந்தாக வேண்டும். எலும்புமுனை மண்ணிலிருந்து வெளிவந்த உடனே தூரிகையால் தேய்த்துக் கழுவி, மேலே மையால் பதிவெண் எழுதும் வழக்கத்தை இவ்வகைப் பொருள்களிலாவது நிறுத்த வேண்டும். ஒட்டிய மண்ணோடேயே தனிப்பையில் இட்டு, பதிவெண்ணைப் பைக்கு வெளியே குறித்து, அதே அடுக்கின் வெறும் மண்ணில் ஒரு பிடியையும் ஒப்பீட்டுக்காக எடுத்து வைக்க வேண்டும். முனையில் நார் இருந்து, வெறும் மண்ணில் அந்த நார் இல்லாமலிருந்தால் மட்டுமே அது சான்றாகும்.